ஜவ்வு கிழிந்த முழங்காலும் சைக்கிளும்: வாசகர் கேள்வி பதில்

முழங்கால் லிகமென்ட் காயத்துக்குப் பிறகு சைக்கிளுக்குத் திரும்புவது பற்றி வந்த கடிதங்களில், பலருக்கும் பயன்படக்கூடிய சில கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பிசியோதெரபியும் சைக்கிள் அமைப்பும் தெரிந்தவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். இங்கே சொல்லும் வாரக்கணக்கு பொதுவானது. உங்கள் முழங்காலைத் திறந்து பார்த்த மருத்துவர் வேறு கணக்குச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

சிக்னலில் நிற்கும்போது, பெடலில் பூட்டிக்கொள்ளும் கிளிப் ஷூ கழலாமல் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தேன். முழங்காலுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். மூன்று மணி நேரத்தில் பந்துபோல வீங்கிவிட்டது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் ஏசிஎல் முழுதாகக் கிழிந்திருக்கிறதாம். 'ஜவ்வு கிழிஞ்சா ஆபரேஷன்தான்' என்கிறார்கள் வீட்டில். வயது 36. ஓட்டம், பந்தாட்டம் எதுவும் இல்லை, சைக்கிள் மட்டும்தான். ஆபரேஷன் கட்டாயமா? (வாசகர், ஈரோடு)

'ஜவ்வு' என்ற சொல்லை முதலில் பிரித்துவிடுவோம். எலும்போடு எலும்பைக் கட்டிவைக்கும் நாரான லிகமென்டையும் நம் ஊரில் ஜவ்வு என்கிறோம், எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் மெனிஸ்கஸையும் ஜவ்வு என்கிறோம். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. உங்கள் எம்.ஆர்.ஐ. அறிக்கையில் மெனிஸ்கஸ் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஆபரேஷன் தேவையா என்ற முடிவில் பாதி அந்த வரியில்தான் இருக்கிறது.

கீழ்க்கால் எலும்பு முன்னே நழுவாமலும் சுழலாமலும் பிடித்து வைப்பது, முழங்காலுக்கு நடுவே இருக்கும் லிகமென்டான ஏசிஎல்லின் வேலை. ஓடும்போது சட்டென்று நின்று திரும்பினால் அதற்குக் கடும் வேலை. சைக்கிளில் பாதம் பெடல்மேல் இருக்கிறது, முழங்கால் ஒரே தளத்தில் மேலும் கீழும் போய்வருகிறது, உடல் எடையைச் சீட் தாங்குகிறது. அதனால் ஏசிஎல் இல்லாத காலாலும் சைக்கிள் மிதிக்க முடியும். சுவீடனில் 121 இளம் வயதினரை வைத்து நடந்து 2010-ல் வெளியான ஆய்வொன்றில், முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு ஆபரேஷன் என்ற பிரிவில் 59 பேர் இருந்தார்கள். இரண்டு ஆண்டுக்குள் ஆபரேஷனுக்குப் போனவர்கள் 23 பேர்தான். முழங்காலின் நிலைபற்றி அவர்களே தந்த மதிப்பெண்ணில், உடனே ஆபரேஷன் செய்துகொண்ட பிரிவுக்கும் இவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

இதை வைத்து 'ஆபரேஷன் வேண்டாம்' என்று நாங்கள் சொல்லவரவில்லை. படியிறங்கும்போதோ கூட்டத்தில் திரும்பும்போதோ முழங்கால் பொளுக்கென்று விட்டுக்கொடுக்கிறதா? மெனிஸ்கஸ் மடிந்து மாட்டிக்கொண்டு கால் முழுதாக நீளாமல் நிற்கிறதா? இன்னொரு லிகமென்டும் கிழிந்திருக்கிறதா? இதில் எது இருந்தாலும் ஆபரேஷன் பக்கம்தான் தராசு சாயும். குறிப்பாக முதலாவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முழங்கால் ஒவ்வொரு முறை விட்டுக்கொடுக்கும்போதும் மெனிஸ்கஸ் கொஞ்சம் கொஞ்சமாக அரைபடுகிறது.

இவை எதுவும் இல்லையென்றால் மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்துவிட்டு முடிவெடுக்க மருத்துவரிடம் கேளுங்கள். ஆபரேஷன்தான் என்று முடிவானாலும் அந்தப் பயிற்சி வீண்போகாது. வீங்கி, மடங்காமல், நீளாமல் இருக்கும் முழங்காலில் அவசரப்பட்டு ஆபரேஷன் செய்தால் மூட்டு இறுகிப்போகும் ஆபத்து அதிகம். பொதுவாக வீக்கம் வடிந்து, கால் முழுதாக நீண்ட பிறகுதான் கத்தி வைப்பார்கள்.

ஏசிஎல் ஆபரேஷன் முடிந்து 25 நாள். 95 டிகிரி வரை மடங்குகிறது. வீட்டில் ஹோம் டிரெயினர் (சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் தாங்கி) இருக்கிறது. எப்போது ஏறலாம், எவ்வளவு நேரம் மிதிக்கலாம்? (வாசகர், திருநெல்வேலி)

மெனிஸ்கஸிலும் தையல் போட்டிருக்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். போட்டிருந்தால் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது என்பார்கள். அந்தக் கெடு முடியும்வரை சைக்கிள் பேச்சே வேண்டாம்.

தையல் இல்லையென்றால் இன்றே ஏறலாம், ஆனால் முழுச் சுற்று வராது. வழக்கமான 170 மி.மீ. கிராங்கில் (பெடலைத் தாங்கும் கை) ஒரு சுற்று முடிய முழங்கால் ஏறத்தாழ 110 டிகிரி மடங்க வேண்டும். 95-ல் இருப்பவர் கிராங்கைக் கடிகாரப் பெண்டுலம்போல முன்னும் பின்னும் ஆட்டலாம். இறுக்கம் தெரியும் இடம்வரை மெதுவாகப் போய், இரண்டு நொடி நின்று, திரும்புங்கள். ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று வேளை. 105 தாண்டிய பிறகு முழுச் சுற்றை முதலில் பின்பக்கமாக முயன்று பாருங்கள், பலருக்கும் அது எளிதாக வருகிறது. இரண்டு மூன்று நாளில் முன்பக்கமும் வந்துவிடும். இடுப்பைத் தூக்கி, உடம்பைச் சாய்த்து கிராங்கை உச்சி தாண்ட வைத்தால் அது கணக்கில் சேராது. எதிரே ஒரு கண்ணாடியை வையுங்கள், இடுப்பு தூக்குவது உடனே தெரியும்.

சீட் உயரம் முக்கியம். செருப்பில்லாமல் குதிகாலைப் பெடலில் வைத்து, கிராங்க் சீட் கம்பியின் நேர்கோட்டில் கீழே இருக்கும்போது கால் சரியாக நீண்டிருந்தால் அதுதான் வழக்கமான உயரம். நல்ல காலை வைத்து அளந்துகொள்ளுங்கள். நாடா வைத்து அளப்பவர்கள், தரையிலிருந்து கவட்டை வரையுள்ள உயரத்தை 0.883-ஆல் பெருக்கினால் கிராங்க் ஆக்ஸில் நடுவிலிருந்து சீட் மேல்பரப்பு வரையுள்ள நீளம் கிடைக்கும். கவட்டை உயரம் 80 செ.மீ. என்றால் 70.6 செ.மீ. முதல் சில வாரங்களுக்கு அதைவிட ஒரு சென்டிமீட்டர், அதிகம் போனால் ஒன்றரை, உயர்த்திக்கொள்ளலாம். மேலே மடங்கும் கோணம் குறையும். அதற்கு மேல் உயர்த்தினால் இடுப்பு இடமும் வலமும் ஆடி முழங்காலின் பின்பக்கம் இழுபடும்.

சீட்டைத் தொடுவதைவிட நல்ல வழி கிராங்கைக் குறைப்பது. 170-க்குப் பதில் 155 மி.மீ. கிராங்க் போட்டு சீட்டை 15 மி.மீ. உயர்த்தினால், பெடல் உச்சியில் இருக்கும்போது இடுப்புக்கும் பாதத்துக்கும் நடுவே 30 மி.மீ. கூடுதல் இடம் கிடைக்கும். இறுகிய முழங்காலுக்கு அது பெரிய விஷயம். சிறுவர் சைக்கிளிலிருந்து கழற்றிய குட்டைக் கிராங்க் உங்கள் ஆக்ஸிலுக்குப் பொருந்தினால் செலவும் அதிகமில்லை.

முழுச் சுற்று வந்த பிறகு எதிர்ப்பே இல்லாத கியரில், நிமிடத்துக்கு 60 சுற்று வேகத்தில் 5 நிமிடம். பிறகு 10, 15, 20 என்று ஏற்றி ஆறாவது வாரத்தில் 20 நிமிடத்தைத் தொட்டால் போதும். எட்டாவது வாரத்தில் 30 நிமிடம், லேசான எதிர்ப்பு, 80 சுற்று.

ஏற்றலாமா வேண்டாமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மறுநாள் காலை, படுக்கையை விட்டு எழுமுன் இதைச் செய்துபாருங்கள். காலை நீட்டித் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள். முட்டிச்சில்லுக்கு உள்பக்கம், எலும்பை ஒட்டி ஒரு சின்னக் குழிவு இருக்கும். உள்ளங்கையால் அந்தக் குழிவிலிருந்து தொடைப் பக்கமாக இரண்டு மூன்று தடவை மேல்நோக்கி வழித்துவிடுங்கள். பிறகு முட்டியின் வெளிப்பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரே ஒரு தடவை வழியுங்கள். கண்ணை அந்தக் குழிவிலேயே வைத்திருங்கள். அது அப்படியே இருந்தால் மூட்டில் நீர் இல்லை. ஒரு சின்ன அலைபோல நீர் ஓடிவந்து குழிவை நிரப்பினால் கொஞ்சம் இருக்கிறது. நீங்கள் வெளிப்பக்கம் வழிப்பதற்கு முன்பே தானாக நிரம்பிவிட்டால் நிறைய இருக்கிறது. நேற்றைவிட இன்று கூடியிருந்தால் நேற்று மிதித்தது அதிகம். ஒருநாள் ஓய்வு கொடுத்து, நேரத்தைப் பாதியாக்குங்கள். வலி பல காரணத்தால் வரும், போகும். வீக்கத்தைத்தான் நாங்கள் அதிகம் நம்புகிறோம்.

சைக்கிள் செய்யாத ஒரு வேலையையும் சொல்லியாக வேண்டும். பெடல் கடைசிக்கு இறங்கினாலும் முழங்கால் 25 முதல் 35 டிகிரி மடங்கியேதான் இருக்கும். எத்தனை மணி நேரம் மிதித்தாலும் கால் முழுதாக நீளாது. முழு நீட்டம் கிடைக்காவிட்டால் நடை கெடும், தொடைத்தசை தேறாது. எனவே குதிகாலுக்கு அடியில் மட்டும் சுருட்டிய துண்டை வைத்து, முழங்கால் அந்தரத்தில் தொங்கும்படி 10 நிமிடம், நாளுக்கு நான்கைந்து வேளை. சுகமாக இருக்கிறதே என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்காதீர்கள். நீளாமல் போவதற்கு வீடுகளில் நாங்கள் அதிகம் பார்க்கும் காரணம் அந்தத் தலையணைதான். கட்டிலில் குப்புறப் படுத்து, முழங்காலுக்குக் கீழே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தால் இரண்டு குதிகால்களும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் என்பது ஏறத்தாழ ஒரு டிகிரி நீட்டக் குறைவு.

கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் வலித்து, சூடாக இருந்தால் எண்ணெய் போட்டு உருவிவிடக் கூடாது. இரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். காய்ச்சலும் தையலில் சிவப்பும் கசிவும் இருந்தாலும் அப்படியே.

உள்பக்க லிகமென்ட், எம்சிஎல், இரண்டாம் நிலைக் கிழிசல். ஐந்து வாரம் ஆகிறது. ஜிம் சைக்கிளில் வலியே இல்லை. ஆனால் ரோடு பைக்கில் ஷூவைக் கழற்றக் குதிகாலைத் திருப்பும்போது மட்டும் உள்பக்கம் சுருக்கென்கிறது. (வாசகி, கோயம்புத்தூர்)

மிதிப்பதில் பழுதில்லை, கழற்றுவதில்தான் பழுது. குதிகாலை வெளிப்பக்கம் உதைக்கும்போது கணுக்கால் வெளியே போகிறது, முழங்கால் உள்ளே சரிகிறது. எம்சிஎல் தடுத்து நிறுத்த வேண்டியதே அந்தச் சரிவைத்தான். இரண்டாம் நிலைக் கிழிசல் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரத்தில் ஆறும். நீங்கள் அந்த எல்லையில்தான் இருக்கிறீர்கள்.

இன்னும் மூன்று வாரம் சாதாரணத் தட்டைப் பெடல் போடுங்கள். 15 மி.மீ. ஸ்பேனர் போதும், சில பெடலுக்கு உள்பக்கமிருந்து 6 அல்லது 8 மி.மீ. அல்லன் கீ வேண்டும். இடது பெடலின் மரை தலைகீழ், கடிகாரமுள் திசையில் திருப்பினால்தான் கழலும். அது தெரியாமல் வேகமாக இழுத்து கிராங்கின் மரையையே அழித்துவிடுகிறார்கள். மாட்டும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

கிளிப்புக்குத் திரும்பும்போது, ஷூவின் அடியில் பெடலில் பூட்டிக்கொள்ளும் கட்டையான கிளீட்டின் நிறத்தைப் பாருங்கள். ஷிமானோ எஸ்.பி.டி.-எஸ்.எல்.லில் மஞ்சள் 6 டிகிரி அசைய விடும், நீலம் 2, சிவப்பு அசையவே விடாது. லுக் கியோவில் இது மாறும்: சிவப்பு 9 டிகிரி, சாம்பல் 4.5, கறுப்பு பூஜ்யம். ஒரு நிறுவனத்தில் 'சிவப்பு' முழங்காலுக்கு மிக மென்மையானது, இன்னொன்றில் மிகக் கடுமையானது. கடையில் நிறத்தை மட்டும் சொல்லி வாங்கிவந்து வலியை இழுத்துவிட்டுக்கொள்ள இது ஒன்றே போதும். உங்களுக்கு மஞ்சளோ லுக் சிவப்போ. பெடல் ஸ்பிரிங் திருகை மிகத் தளர்வான நிலைக்குக் கொண்டுவந்து, டிரெயினரில் ஏறி ஒரே நாளில் 20 தடவை கழற்றி மாட்டிப் பாருங்கள். மறுநாள் உள்பக்கம் தொட்டால் வலி இல்லையென்றால் ரோட்டுக்குக் கொண்டுபோகலாம்.

எந்தக் கால் என்று எழுதவில்லை. நம் ஊரில் சாலையின் இடது ஓரமாக நிற்பதால் பலரும் இடது காலைத்தான் முதலில் ஊன்றுகிறார்கள். காயம் இடது என்றால் வலதைக் கழற்றி வலப்பக்கம் சாய்ந்து நிற்பதை இப்போதே டிரெயினரில் பழகுங்கள். பல வருடப் பழக்கம் பதற்றத்தில் திரும்ப வந்துவிடும், அந்த ஒரு நொடியில்தான் விழுவது நடக்கிறது.

பின்தொடையிலிருந்து நார் எடுத்து ஏசிஎல் வைத்தார்கள். ஏழாவது வாரம். பெடலை மேலே இழுக்கும்போது பின்தொடையில் 'பிடிச்' என்று ஒரு இழுப்பு. புது லிகமென்ட் அறுந்துவிட்டதா? (வாசகர், சென்னை)

பெரும்பாலும் இல்லை. நார் எடுத்த இடத்தில் ஆறிக்கொண்டிருந்த தழும்புத் திசு இழுபட்டிருக்கும். முழங்கால் வீங்கவில்லை, விட்டுக்கொடுக்கவில்லை என்றால் சில நாள் ஓய்வில் சரியாகும். அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் சொல்லுங்கள், வீங்கினால் காத்திருக்காதீர்கள். பன்னிரண்டு வாரம் வரை பெடலை மேலே இழுக்காதீர்கள், கீழே அழுத்துவது மட்டும். தட்டைப் பெடலில் இழுக்கவே முடியாது என்பதால் அதுவே பாதுகாப்பு.

ஆறிலிருந்து பன்னிரண்டாவது வாரம்வரை மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். ஒட்டிய நார் முதலில் இரத்த ஓட்டம் இல்லாத திசு. உடல் அதற்குள் புதிய இரத்தக்குழாய்களை வளர்த்து மெல்ல மெல்ல லிகமென்டாக மாற்றுகிறது. அந்த மாற்றத்தின் நடுவே அது ஆபரேஷன் நாளில் இருந்ததைவிடப் பலவீனமாக இருக்கும். அதே வாரங்களில்தான் வலி போய், கால் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். 'வலியே இல்லையே' என்று ரோட்டுக்குக் கிளம்புவது அப்போதுதான்.

ஆபரேஷன் முடிந்து நான்கு மாதம். தினமும் ஒரு மணி நேரம் டிரெயினரில் மிதிக்கிறேன். ஆனாலும் அந்தத் தொடை மட்டும் மெலிந்தே இருக்கிறது. (வாசகி, திருச்சி)

இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் சைக்கிள்காரர்கள் பலரும் இங்கேதான் தேங்கி நிற்கிறார்கள்.

இரண்டு காலால் மிதிக்கும் கருவி இது. ஒரு கால் குறைவாக அழுத்தினால் மற்றது தானாக ஈடுகட்டிவிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. நல்ல கால் இன்னும் பலமாகும், காயப்பட்டது அப்படியே நிற்கும். இன்னொன்று, ஒரு மணி நேரத்தில் ஐயாயிரம் தடவை லேசாக அழுத்துவது மூச்சுக்கும் இதயத்துக்கும் நல்லது, தசை பருக்க அது போதாது. தசை பருக்க, பத்துப் பன்னிரண்டு தடவையிலேயே களைத்துப்போகும் அளவு பளு வேண்டும்.

அளந்துவிட்டுத் தொடங்குங்கள். முட்டிச்சில்லின் மேல் விளிம்பிலிருந்து 15 செ.மீ. மேலே பேனாவால் குறியிட்டு, கால் நீட்டித் தளர்வாக இருக்கும்போது நாடா சுற்றுங்கள். இரண்டு காலையும் எழுதிவையுங்கள், மாதம் ஒருமுறை போதும். அளவைவிடப் பலம் முக்கியம் என்பதால் இதையும் பாருங்கள்: 45 செ.மீ. உயர நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் ஒற்றைக் காலில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது? நல்ல கால் 15, அடிபட்டது 6 என்றால் தொலைவு தெரிந்துவிட்டது. ஜிம் கிடைத்தால் ஒற்றைக்கால் லெக் பிரஸ் (காலால் பளுவைத் தள்ளும் கருவி) எடையை ஒப்பிடுங்கள். நல்ல காலின் அளவில் 90 சதவீதம் வரும்வரை பளுப் பயிற்சியை நிறுத்த வேண்டாம்.

வாரத்துக்கு மூன்று நாள், நாள் விட்டு நாள். ஒற்றைக்கால் லெக் பிரஸ், முழங்கால் 90 டிகிரிக்கு மேல் மடங்காமல், 8 முதல் 12 தடவை, நான்கு சுற்று. கடைசி இரண்டு தடவை முக்கித் தூக்கும்படி எடை இருக்க வேண்டும். 12 எளிதாகிவிட்டால் ஐந்து முதல் பத்து சதவீதம் ஏற்றுங்கள். ஜிம் இல்லையென்றால் 20 செ.மீ. உயரப் படியில் பக்கவாட்டாக நின்று, காயப்பட்ட காலை மேலே வைத்து, மற்றக் குதிகால் தரையை லேசாகத் தொடும்வரை மூன்று நொடி எடுத்து இறங்கி ஏறுங்கள். முழங்கால் உள்பக்கம் சரியக் கூடாது, இரண்டாவது விரலுக்கு நேரே நிற்க வேண்டும். முதுகுப்பையில் அரிசியோ புத்தகமோ போட்டுப் பளு கூட்டலாம். உட்கார்ந்து காலை நீட்டித் தூக்கும் லெக் எக்ஸ்டென்ஷன் கருவியை ஒதுக்க வேண்டியதில்லை. 90-லிருந்து 45 டிகிரி வரை என்று தொடங்கி, பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்லச் சொல்ல முழு நீட்டத்துக்குப் போங்கள். தொடையின் முன்தசையை மட்டும் தனியாகப் பிடித்து வேலை வாங்க அதைப்போல ஒன்று இல்லை.

பளு நாட்களில் சைக்கிளை 30 நிமிடமாகக் குறையுங்கள். சாப்பாட்டில் புரதத்தைப் பாருங்கள். கிலோ எடைக்கு 1.2 முதல் 1.6 கிராம், அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 72 முதல் 96 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. மூன்று வேளையும் சோறும் குழம்புமாகச் சாப்பிட்டுவிட்டுத் தசை வரவில்லையே என்று காலைக் குறை சொல்ல முடியாது. சுண்டல், பருப்பு, தயிர், மீன், முட்டை என்று ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கூட்டுங்கள்.

கியர் இல்லாத பழைய கறுப்புச் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போய்வருவேன், ஒரு பக்கம் ஐந்து கிலோமீட்டர். ஏசிஎல் காயம், ஆபரேஷன் செய்யவில்லை, மூன்று மாதமாகப் பயிற்சி செய்கிறேன். எப்போது திரும்ப சைக்கிள் ஓடலாம்? (ஆசிரியர், யாழ்ப்பாணம்)

சமதரையான ஊர் என்பது உங்களுக்குப் பெரிய அனுகூலம், மிதிப்பது இப்போதே சாத்தியம். ஏறுவதும் இறங்குவதும்தான் சிக்கல். குறுக்குக் கம்பி வைத்த சைக்கிளில் இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் தரையைத் தள்ளி ஓட்டம் பிடித்து, வலது காலைப் பின்னால் வீசித் தாண்டி உட்காருகிறோம். அந்த ஓரிரு நொடியில் இடது முழங்கால் முழு உடம்பையும் தாங்குகிறது, கூடவே இடுப்பு சுழல்கிறது. ஏசிஎல் இல்லாத முழங்கால் விட்டுக்கொடுக்க அதைவிடத் தோதான அசைவு இல்லை.

ஆறு மாதத்துக்காவது கம்பி தாழ்ந்த லேடீஸ் சைக்கிளுக்கு மாறுங்கள். சீட்டை, உட்கார்ந்தபடியே இரண்டு பாதத்தின் முன்பகுதியும் தரையில் படும் அளவுக்கு இறக்குங்கள். மிதிக்க அது உகந்த உயரமில்லை, முட்டிச்சில்லுக்குக் கொஞ்சம் வேலை கூடும். ஆனால் ஐந்து கிலோமீட்டருக்கு அதைப் பொறுக்கலாம், விழுவதைப் பொறுக்க முடியாது. சைக்கிளை நிறுத்தி வைத்தே உட்கார்ந்து, பெடலை முன்பக்கம் உயர்த்தி வைத்து, நல்ல காலால் முதல் மிதி. நிற்கும்போதும் முழுதாக நின்ற பிறகே, நல்ல காலை ஊன்றுங்கள். பின் கேரியரில் பிள்ளையையோ மூட்டையையோ ஏற்ற வேண்டாம். நிற்கும் நேரத்தில் அந்த எடை சாய்ந்தால் ஊன்றிய முழங்கால்தான் வாங்கும். பிரேக் கட்டைகளை மாற்றிவிடுங்கள், காலை ஊன்றி வண்டியை நிறுத்தும் பழக்கம் தேய்ந்த பிரேக்கால் வருவது. மணல் பரவிய ஒழுங்கைகளில் இறங்கித் தள்ளிக்கொண்டே போங்கள்.

சைக்கிள் ஓட்டும்போது முட்டிக்கு உறை போட வேண்டுமா? (வாசகர், சேலம்)

துணி உறை சூடு கொடுக்கும், மனதுக்குத் தெம்பு கொடுக்கும். லிகமென்டைப் பிடித்து நிறுத்தாது. இருபக்கமும் உலோகக் கீல் வைத்த பிரேஸ் எம்சிஎல் காயத்துக்கு ஆரம்ப வாரங்களில் உதவும், ஏசிஎல்லுக்கு உங்கள் மருத்துவர் சொன்னால் மட்டும். மிதிக்கும்போது முழங்காலின் பின்மடிப்பில் உறை சுருண்டு இரத்த ஓட்டத்தை அழுத்துகிறதா என்று பத்து நிமிடத்தில் ஒருமுறை பாருங்கள்.

எனக்கு பிசிஎல். ஏசிஎல்காரர்களுக்குச் சொல்லும் பயிற்சியையே செய்யலாமா? (வாசகர், புதுச்சேரி)

செய்யக் கூடாது. பிசிஎல் கீழ்க்கால் எலும்பு பின்னால் சரியாமல் பிடிப்பது. பின்தொடைத் தசை அந்த எலும்பைப் பின்னால் இழுக்கும், எனவே அதைத் தனியாக வேலைவாங்கும் பயிற்சியும் பெடலை மேலே இழுப்பதும் குறைந்தது பன்னிரண்டு வாரத்துக்கு விலக்கு. முன்தொடைத் தசைதான் உங்கள் துணை, அதை முதல் நாளிலிருந்தே பலப்படுத்துங்கள். படுத்திருக்கும்போது கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து எலும்பு பின்னால் தொங்காமல் தாங்கலாம். சைக்கிளில் சீட்டைச் சரியான உயரத்துக்குக் கீழே இறக்காதீர்கள், ஆழமாக மடங்கும்போதுதான் பிசிஎல்லுக்குச் சுமை.

ஏசிஎல் ஆபரேஷன் ஆகி ஐந்து மாதம். கொல்லிமலை ஏற ஆசை. வருடக் கடைசியில் 200 கிலோமீட்டர் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சவாரி) ஓட்டலாமா? (வாசகர், நாமக்கல்)

சமதளத்தில் தட்டைப் பெடலோடு 60 நிமிடம், மறுநாள் வீக்கமில்லாமல் ஓட்டிவிட்டீர்களா? ஒற்றைக்கால் நாற்காலிச் சோதனையில் 80 சதவீதமாவது வந்ததா? இரண்டுக்கும் ஆம் என்றால் சிறிய ஏற்றங்களில் தொடங்கலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவு இப்போது வேண்டாம்.

மலையில் முழங்காலைக் கெடுப்பது ஏற்றத்தைவிடக் கனமான கியர். மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முன் பல்சக்கரத்தில் 39 பல், பின்னால் 25 பல் என்றால் கிராங்க் நிமிடத்துக்கு 41 சுற்றுதான் சுற்றும், ஒவ்வொரு மிதியும் கல்லை மிதிப்பதுபோல. முன்னும் 34, பின்னும் 34 என்று மாற்றினால் அதே வேகத்தில் 63 சுற்று. வேலை ஒன்றுதான், அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. 34 பல் பின்சக்கரக் கேசட் வாங்கும்போது உங்கள் பின் டெரெய்லர் (செயினைப் பல் மாற்றும் கருவி) அவ்வளவு பெரிய பல்லை ஏற்குமா என்று கடையில் கேளுங்கள், செயினும் நீளமாக வேண்டியிருக்கும். எழுந்து நின்று மிதிப்பதை முதலில் 10 மிதி, பிறகு 20 என்று சமதளத்தில் பழகிவிட்டு மலைக்குக் கொண்டுபோங்கள்.

இறக்கத்துக்கும் சேர்த்தே தயாராகுங்கள். கொண்டை ஊசி வளைவில் பஸ் எதிரே வந்தால் சட்டென்று ஊன்றும் கால் முறுக்கிக்கொள்ளும். ஏறிவிட்டு இறங்கும்போது வண்டியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வருவதில் குறைச்சல் ஒன்றுமில்லை. திரும்பி ஓடும் விளையாட்டுகளுக்கு ஒன்பது மாதம் கெடு சொல்வார்கள். நெருக்கமான கூட்டப் பந்தயத்துக்கும் கரடுமுரடான மலைப்பாதைக்கும் நாங்களும் அதையே சொல்கிறோம், விழும் வாய்ப்பு அங்கே அதிகம்.

200 கி.மீ. பிரெவேக்கு 13 மணி 30 நிமிடம் தருகிறார்கள், நிற்கும் நேரமும் அதில் அடக்கம். மணிக்கு 15 கி.மீ. சராசரி என்றால் வேகம் பிரச்சினையில்லை. பல்லாயிரம் தடவை மடங்கி நீளும் மூட்டின் களைப்புதான் பிரச்சினை. எட்டாவது மாதத்துக்கு முன் பெயர் கொடுக்க வேண்டாம். வார நீளச் சவாரியை 40, 50, 60, 70 என்று ஏற்றி, ஐந்தாவது வாரம் 40-க்கு இறக்கி, மறுபடி 80, 100, 120. 120 முடித்த மறுநாள் காலை முன்னே சொன்ன வீக்கச் சோதனை சுத்தமாக இருந்தால் 200-க்குப் போகலாம்.

அன்றைய ஓட்டத்தில் 25 கி.மீ.க்கு ஒருமுறை இறங்கி, கேரியர் உயரச் சுவரிலோ படியிலோ குதிகாலை வைத்து ஒரு நிமிடம் காலை முழுதாக நீட்டுங்கள், பல மணி நேரம் மடங்கியே இருந்த முழங்கால் மாலையில் நீள மறுக்கும். முட்டிக்குள் நிறைந்துகொண்டு வருவதுபோல இறுக்கம் தோன்றினாலோ, நிறுத்தி இறங்கி நடக்கும்போது கால் ஒருமுறை விட்டுக்கொடுத்தாலோ, எத்தனையாவது கிலோமீட்டராக இருந்தாலும் ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்துவிட்டு வண்டி பிடியுங்கள்.